ஸ்டுட்கார்ட் பக்கத்து ஓட்டுநர் பள்ளி: இந்திய லைசென்ஸோடு வருகிறவர்களுக்கு

ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், எஸ்-பான் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது இந்தப் பள்ளி. அப்பாவும் மகளும் நடத்துகிறார்கள். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார்கள் இரண்டு, ஒரு மேசை, சுவர் முழுக்கப் போக்குவரத்துப் பலகைகளின் படங்கள், அவ்வளவுதான். பள்ளியின் பெயரை எழுதவில்லை. பெயரால் பயன் அந்த ஊரைச் சுற்றி இருக்கிற சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு எப்படிப்பட்ட பள்ளியைத் தேட வேண்டும் என்று தெரிந்தால் போதும். அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் பல வருடம் கார் ஓட்டிவிட்டு ஜெர்மனிக்கு வருகிற ஒருவரை, ஓட்டத் தெரிந்தவர் என்று மதித்துச் சொல்லிக்கொடுக்கிற பள்ளி இது. தேவையில்லாத வகுப்பு ஒன்றைக்கூட நம் தலையில் கட்டுவதில்லை. திருத்த வேண்டிய பழக்கம் இருந்தால், அது மாறும்வரை விடுவதும் இல்லை. இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சட்ட நிலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து 6 மாதம் வரை இந்திய லைசென்ஸோடு ஓட்டலாம். கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ ஜெர்மன் மொழிபெயர்ப்போ இருக்க வேண்டும். அந்த 6 மாதம் முடிந்த பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டால் அது வெறும் அபராத விஷயம் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகக் குற்ற வழக்கே வரும், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. மொத்தமே ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று காட்ட முடிந்தவர்கள் மட்டும் அந்த 6 மாதத்தை நீட்டித்துத் தரக் கேட்கலாம்.

எந்த நாட்டு லைசென்ஸை எப்படி மாற்றலாம் என்பதற்கு ஓட்டுநர் உரிம விதிமுறையின் 11-ஆம் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஜப்பான், தென்கொரியா, தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர் எல்லாம் அதில் உண்டு. சிங்கப்பூரில் வசித்தபோது முறையாக எடுத்த லைசென்ஸ் கையில் இருந்தால் தேர்வே எழுதாமல் மாற்றிக்கொள்ளலாம். நம் ஆட்களில் சிங்கப்பூர் வழியாக இங்கே வந்தவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், அவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. இந்தியாவும் இலங்கையும் பட்டியலில் இல்லை. ஆகவே நாம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் எழுதித் தேறியாக வேண்டும்.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை இங்கேதான் இருக்கிறது. முதன்முறை லைசென்ஸ் எடுக்கும் ஜெர்மன் இளைஞர் 14 எழுத்து வகுப்புகளில் உட்கார வேண்டும், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அதன் மேல் 12 சிறப்புப் பயிற்சிகள் கட்டாயம்: ஊருக்கு வெளியே 5, ஆட்டோபான் என்கிற விரைவுச் சாலையில் 4, இருட்டில் 3. செல்லுபடியாகும் வெளிநாட்டு லைசென்ஸை மாற்றுகிறவருக்கு இவற்றில் எதுவுமே கட்டாயம் இல்லை. விதிமுறையின் 31-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். தேர்வில் தேறினால் போதும். அதற்கு எத்தனை வகுப்பு வேண்டும் என்பது நமக்கும் பயிற்றுநருக்கும் இடையிலான விஷயம்.

இந்தச் சலுகையைச் சொல்லாமல் மறைக்கிற பள்ளிகளும் இருக்கின்றன. நான் முதலில் விசாரித்த ஓரிடத்தில், என் கோயம்புத்தூர் லைசென்ஸைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் குறைந்தது இருபது வகுப்பு, சிறப்புப் பயிற்சி பன்னிரண்டு, மொத்தமாக இவ்வளவு" என்று ஒரு தாளை நீட்டினார்கள். தொகை இரண்டாயிரம் யூரோவைத் தாண்டியிருந்தது. சிறப்புப் பயிற்சி எனக்கும் கட்டாயமா என்று கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று பதில் வந்தது. அது உண்மை இல்லை. என்னை வருத்தியது தொகை மட்டும் அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மழையில், மூடுபனியில் வண்டி ஏற்றி இறக்கிய ஒருத்தியை ஓட்டவே தெரியாதவள் என்று ஒரே பார்வையில் முடிவு கட்டியது வருத்தியது.

அப்போது வழி காட்டியவர் எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டு அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர், பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். "பிள்ளை, நீங்கள் அந்த அப்பாவும் மகளும் வச்சிருக்கிற இடத்துக்குப் போங்கோ. எங்கட பெடியள் ரெண்டு பேரும் அங்கதான் பழகினவை. காசுக்காக இழுத்தடிக்கிற ஆக்கள் இல்லை" என்றார். சரிங்க அக்கா என்று அடுத்த நாளே போனேன்.

அங்கே முதலில் நடந்ததை வைத்தே இந்தப் பள்ளிக்கு முழு மதிப்பெண் தருவேன். அப்பா என் லைசென்ஸை வாங்கி, வழங்கிய தேதியையும் காலாவதித் தேதியையும் பார்த்தார். ஊரில் என்ன வண்டி, எந்த மாதிரிச் சாலை, கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்று கேட்டார். பிறகு, "உங்களுக்குக் கட்டாய வகுப்பு எதுவும் இல்லை. முதலில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு தேவைப்படும் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் எண் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார். முன்பணம் கேட்கவில்லை. எந்தப் பள்ளியில் சேரப் போகிறீர்களோ, அங்கே இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்: லைசென்ஸை மாற்றுகிறவருக்கு எத்தனை வகுப்பு? ஓட்டிப் பார்க்காமலேயே எண் சொல்கிறவர்களிடம் சேராதீர்கள்.

விண்ணப்பத்துக்கான காகிதங்கள் பற்றிச் சுருக்கமாக. கண் பரிசோதனை எந்த மூக்குக்கண்ணாடிக் கடையிலும் நடக்கும். அதற்கான கட்டணம் அரசு நிர்ணயித்தது, 6 யூரோ 43 சென்ட். முதலுதவி வகுப்பு ஒரு முழு நாள், 45 நிமிடம் வீதம் 9 பாடவேளைகள். அது வெறும் சடங்கு இல்லை. பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகியதும், மோட்டார் சைக்கிள் ஓட்டியின் ஹெல்மெட்டை இருவர் சேர்ந்து கழற்றப் பழகியதும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. இந்தியாவிலும் லைசென்ஸுக்கு முன் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். அப்புறம் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், பாஸ்போர்ட் நகல், லைசென்ஸின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பை ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கத்திலோ, நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடமோ வாங்கலாம். எது செல்லும் என்று உங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து லைசென்ஸ் அலுவலகத்தில் கொடுத்தால், அவர்கள் சரிபார்த்துத் தேர்வு நடத்தும் நிறுவனத்துக்கு அனுமதி அனுப்புவார்கள். எங்கள் மாநிலத்தில் அது ட்யூஃப். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே அந்த முதல் 6 மாதத்தின் கடைசியில் விழித்துக்கொள்வதில் பயன் இல்லை. வீட்டு முகவரியைப் பதிவு செய்த கையோடு இதைத் தொடங்கிவிடுவது நல்லது. இந்தப் பள்ளியின் மகள் எல்லாக் காகிதங்களையும் ஒருமுறை பார்த்து, எது குறைகிறது என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தார். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

எழுத்துத் தேர்வுக்குப் பள்ளி ஒரு செயலியைத் தருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள், அதிகாரபூர்வக் கேள்வித் தொகுப்பிலிருந்து அப்படியே வருகின்றன. தேர்வை ஜெர்மன் தவிர 12 மொழிகளில் எழுதலாம். ஆங்கிலம், துருக்கி, அரபு, ரஷ்யன் எல்லாம் உண்டு, தமிழோ இந்தியோ இல்லை. நான் ஆங்கிலத்தில் எழுதினேன். 30 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் 2 முதல் 5 வரை தவறுப் புள்ளிகள், மொத்தத்தில் 10 வரை மன்னிப்பு உண்டு. ஆனால் 5 புள்ளிக் கேள்விகள் இரண்டு தவறினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் தோல்விதான். வீடியோக் கேள்விகள் சிலவும் வரும். வீடியோவை ஐந்து தடவை வரை பார்க்கலாம், ஆனால் கேள்வியைத் திறந்த பிறகு மறுபடி பார்க்க முடியாது. ஆகவே பார்க்கும்போதே பின்கண்ணாடியில் என்ன வருகிறது, ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று தேடிப் பழக வேண்டும்.

மனப்பாடம் செய்தே இதில் தேறிவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இந்தப் பள்ளியின் அப்பா அதற்கு விடுவதில்லை. வாரத்தில் ஒரு மாலை, விரும்பியவர்கள் வந்து சந்தேகம் கேட்கலாம், இலவசம். அங்கேதான் நிறுத்தத் தூரக் கணக்கை எனக்கு விளங்க வைத்தார். வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால், கால் பிரேக்கைத் தொடுவதற்குள் வண்டி ஓடிவிடும் மீட்டர். வேகத்தைப் பத்தால் வகுத்து அதையே அதனால் பெருக்கினால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் மீட்டர். 50 கிலோமீட்டர் வேகத்தில் 15 கூட்டல் 25, மொத்தம் 40 மீட்டர். 30-இல் 9 கூட்டல் 9, வெறும் 18. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பள்ளிக்கூடத் தெருக்களில் ஏன் 30 என்று பலகை வைத்திருக்கிறார்கள் என்று எங்களையே சொல்லச் சொன்னார். பந்தைத் துரத்திக்கொண்டு 20 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை ஓடி வந்தால், 30-இல் வருகிறவர் நிறுத்திவிடுவார். 50-இல் வருகிறவருக்கு, அந்தக் குழந்தை நிற்கிற இடம் வரும்போது பிரேக் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கும். அன்றிலிருந்து அந்தப் பலகையைப் பார்த்தால் எனக்கு எரிச்சலே வருவதில்லை.

சரி, ஓட்டும் வகுப்புக்கு வருவோம். இந்தப் பள்ளியின் உண்மையான மதிப்பு இங்கேதான்.

முதல் ஒன்றரை மணி நேரம் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி போவது வலப்பக்கம். இண்டிகேட்டர் குச்சியும் வைப்பர் குச்சியும் நம் ஊர் வண்டிகளுக்கு நேர்மாறாக இருக்கும். கியர் வலது கையில். இதெல்லாம்தான் கஷ்டம் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். உண்மையில் கை இதற்கெல்லாம் சீக்கிரம் பழகிவிடுகிறது. ஸ்டுட்கார்ட் பள்ளத்தாக்கில் கிடக்கிற நகரம், எந்தத் திசையில் வெளியேறினாலும் மேடுதான். நொயே வைன்ஷ்டைகே சாலையில் டிராம் தண்டவாளத்தை ஒட்டியே மேலேறும்போது, கிளட்ச் பிடித்து மேட்டில் நிறுத்தி எடுப்பது எனக்குச் சிரமமாகவே இல்லை. அவரும் அதைக் கவனித்தார். வழியில் திருத்தமே சொல்லவில்லை. நிறுத்திய பிறகுதான் பேசினார்: "கையும் காலும் நன்றாக இருக்கின்றன. கண் மட்டும் இன்னும் இந்தியாவில் ஓட்டுகிறது. அதற்கு மட்டும் வகுப்பு போதும்."

அதன் அர்த்தத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நம் ஊரில் நமக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்பதைக் காதுதான் சொல்லும். அவிநாசி சாலையில் முந்த நினைக்கிற லாரி ஹாரன் அடிக்கும், பைக் ஹாரன் அடிக்கும், ஆட்டோ அடிக்கும். முந்துகிறவன் அறிவிப்பான், முன்னால் போகிறவன் முன்னால் பார்த்தால் போதும். அந்த ஏற்பாடு அங்கே நடக்கிறது, அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஜெர்மனியில் ஊருக்குள் ஆபத்து என்றால்தான் ஹாரன். வலப்பக்கம் சைக்கிளில் வருகிற பெண் மணி அடிக்கப் போவதில்லை, நான் அவளைப் பார்த்திருப்பேன் என்ற நம்பிக்கையில் நேராகப் போவாள். ஆகவே பின்னால் இருப்பதைக் கண்ணால் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். உள்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, அப்புறம் தோளுக்கு மேல் ஒரு திரும்பல். ஷுல்டர்ப்ளிக் என்று அவர்கள் சொல்கிற அந்தத் திரும்பலை, ஒவ்வொரு வலதுத் திருப்பத்திலும், தடம் மாறும்போதும், ஓரத்திலிருந்து எடுக்கும்போதும் செய்தாக வேண்டும். தேர்வாளர் பின்னால் உட்கார்ந்து நம் தலையைத்தான் பார்ப்பார்.

மகள் இதைப் பழக்கிய முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. திரும்பும்போதெல்லாம் "பார்த்தீர்களா?" என்று கேட்க மாட்டார். "என்ன இருந்தது?" என்று கேட்பார். சிவப்பு ஜாக்கெட், சைக்கிள், பத்து மீட்டர் தொலைவு என்று சொல்ல வேண்டும். வெறுமனே கழுத்தைத் திருப்பினால் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. சில வகுப்புகளிலேயே கண் தானாகத் தேடத் தொடங்கியது. சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது 2020 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த இடம் கிடைக்காவிட்டால் சைக்கிளின் பின்னாலேயே போக வேண்டும், எவ்வளவு நேரமானாலும். பின்னால் வரிசை சேர்ந்தாலும் அவசரப்பட வேண்டாம் என்று அவர் சொல்லும் தொனியில் ஒரு நிதானம் இருந்தது, அது எனக்கும் தொற்றிக்கொண்டது.

இரண்டாவது விஷயம் முன்னுரிமை. பலகையும் கோடும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி. 30 கிலோமீட்டர் தெருக்கள் முழுக்க இப்படித்தான். குடியிருப்புத் தெருக்களில் வலப்பக்கச் சந்து வீட்டு வேலிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், நாம்தான் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் சந்திப்பைக் கடப்பது ஒரு பேச்சுவார்த்தை: ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, கொஞ்சம் முன்னால் நகர்ந்து, ஒரு கையசைவில் முடியும். இங்கே அந்தப் பேச்சுவார்த்தைக்கே இடம் இல்லை. யாருக்கு வழி என்று சட்டம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. எனக்கு வழி இருக்கும்போது மரியாதைக்காக நிறுத்தி அவரைப் போகச் சொன்னால், எதிராளி குழம்புவார், பின்னால் வருகிறவர் எதிர்பார்க்க மாட்டார், தேர்வாளரும் அதைக் குறையாகவே எழுதுவார். மகள் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "உங்கள் முறை வந்தால் போங்கள், அதுவும் மற்றவர்களுக்கு நீங்கள் தருகிற மரியாதைதான்."

ஆட்டோபானுக்கு என்னை ஒரு முறை அழைத்துப் போனார், கட்டாயம் இல்லாவிட்டாலும். ஏ8-உம் ஏ81-உம் சேரும் ஸ்டுட்கார்ட் சந்திப்பு எங்களுக்குப் பக்கம். ஏறும் தடத்தில் தயங்கி நிற்பதுதான் அங்கே பெரிய ஆபத்து. அந்தத் தடம் முடிவதற்குள் மற்ற வண்டிகளின் வேகத்தை எட்டிவிட வேண்டும். அங்கே பரிந்துரைக்கப்பட்ட வேகம் 130. அதற்கு மேலும் பலர் போவார்கள், ஆகவே இடது தடத்துக்குப் போகும் முன் பின்கண்ணாடியில் தூரத்தில் தெரியும் புள்ளிகூட முக்கியம். போக்குவரத்து நெரிசல் தொடங்கியதும், ஆம்புலன்ஸின் சத்தம் கேட்பதற்கு முன்பே, இடது தடத்தில் இருப்பவர்கள் இடது ஓரமாகவும் மற்றவர்கள் வலது ஓரமாகவும் ஒதுங்கி நடுவில் வழி விடுகிறார்கள். முதல் முறை அதை நேரில் பார்த்தபோது தொண்டை அடைத்தது. ஊரில் சிக்னலில் மாட்டிக்கொண்டு அலறும் ஆம்புலன்ஸைப் பார்த்து எத்தனை தடவை மனசு பதறியிருக்கிறது.

தேர்வு நாள். ஓட்டும் தேர்வு ஜெர்மன் மொழியில் மட்டும்தான், இதை ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு எழுதியவர்கள் மறந்துவிடக் கூடாது. "அடுத்த வாய்ப்பில் இடது", "இங்கே ஓரமாக நிறுத்துங்கள்", "சந்திப்பில் வலது" என்ற அளவுக்குப் புரிந்தால் போதும், இலக்கணம் யாரும் கேட்க மாட்டார்கள். மகள் சாதாரணமாக ஷ்வேபிஷ் வட்டார வழக்கில்தான் பேசுவார், எனக்குப் பாதி புரியாது. ஆனால் கடைசி வகுப்புகளில் தேர்வாளர் சொல்கிற அதே வாக்கியங்களை அதே சொற்களில், தெளிவான ஜெர்மனில் சொல்லிப் பழக்கினார். நானாகக் கேட்டு அவர் செய்யவில்லை.

முழுத் தேர்வு 55 நிமிடம், அதில் பேச்சு, வண்டிப் பரிசோதனை, கடைசியில் கருத்துச் சொல்வது எல்லாம் அடக்கம். டயரின் பள்ளம் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்று தேர்வாளர் கேட்டார், 1.6 மில்லிமீட்டர். விளக்குகளைப் போட்டுக் காட்டச் சொன்னார். பிறகு ஊருக்குள், மேட்டில், 30 தெருக்களில், கொஞ்சம் ஊருக்கு வெளியே. பக்கவாட்டில் நிறுத்தச் சொன்னார். ஒரு தெருவில் பேருந்து நிறுத்தத்தில் எச்சரிக்கை விளக்கு மின்ன நின்றிருந்த பேருந்தை, எதிர்த்திசையில் வந்த நான் நடை வேகத்தில் கடந்தேன். அது எழுத்துத் தேர்வில் படித்த கேள்வி, தெருவில் உயிரோடு வந்து நின்றது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பக்கத்துப் பெடல்களின் மேல் கால் படாமல் பார்த்துக்கொண்டார். முடிந்ததும் தேர்வாளர் தேறிவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, எங்கே நன்றாக இருந்தது, எங்கே இன்னும் கவனிக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார்.

அடுத்த கட்டம் மனதுக்குக் கொஞ்சம் கனமானது. ஜெர்மன் லைசென்ஸ் கைக்கு வர வேண்டும் என்றால் இந்திய லைசென்ஸை ஒப்படைக்க வேண்டும். அதுதான் விதி, இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. என் அப்பா கூட வந்து ஆர்டிஓ அலுவலக வாசலில் காத்திருந்து வாங்கிய அட்டை அது. பள்ளியில் இதை முதல் நாளே சொல்லியிருந்தார்கள், ஆகவே முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். லைசென்ஸ் எடுத்த தேதிக்கான சான்றாக அந்தப் படம் பிறகு பயன்படலாம். ஊரில் எடுத்த நாளிலிருந்து கணக்கு வைப்பதால், பழைய லைசென்ஸ் உள்ளவர்களுக்குப் புதியவர்களுக்கான 2 வருடத் தகுதிகாண் காலம் மறுபடி தொடங்குவதில்லை. புது அட்டை 15 வருடத்துக்குச் செல்லும், அதன் பிறகு மாற்ற வேண்டியது அட்டையைத்தான், மறுபடி தேர்வு இல்லை.

செலவு. பதிவுக்கு 120 யூரோ வாங்கினார்கள். 45 நிமிட வகுப்புக்கு 65 யூரோ, ஆட்டோபான் போன நாளுக்குக் கொஞ்சம் கூடுதல். தேர்வுக்கு வண்டியும் பயிற்றுநரும் வருவதற்கு 170. ட்யூஃப் கட்டணம் தனி: எழுத்துத் தேர்வுக்குச் சுமார் 25 யூரோ, ஓட்டும் தேர்வுக்குச் சுமார் 130. எல்லாம் சேர்ந்து, முதலில் போன இடத்தில் சொன்ன தொகையில் பாதிக்கும் குறைவாகவே முடிந்தது. ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் ரசீது, எந்த வரியிலும் புரியாத பெயர் இல்லை. விலை குறைவு என்பதால் நான் இதைப் பாராட்டவில்லை. இதைவிட மலிவான பள்ளிகள் இருக்கலாம். எதற்குக் கொடுக்கிறோம் என்று ஒவ்வொரு யூரோவுக்கும் தெரிந்தது, அதைத்தான் பாராட்டுகிறேன்.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள், இருவருமே காரில் இருப்பார்கள். குறுஞ்செய்தி அனுப்பினால் மாலையில் பதில் வரும். அலுவலகம் வாரத்தில் இரண்டு மாலை மட்டும் திறந்திருக்கும். வகுப்புக்கு நேரம் கிடைப்பது கஷ்டம், சாயங்கால நேரங்கள் வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும், வேலைக்குப் போகிறவர்கள் காலை ஏழு மணி வகுப்புக்குத் தயாராக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு முன் சொல்லாமல் வகுப்பை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் போகும். அப்பா கொஞ்சம் முரட்டுப் பேச்சு, பிரேக் மிதித்துவிட்டுத்தான் காரணம் சொல்வார். மென்மையாகச் சொல்லித்தர வேண்டும் என்று நினைப்பவர்கள், முதலிலேயே மகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இது எல்லாருக்குமான பள்ளி இல்லை. இரண்டு காரும் கியர் வண்டிகள். ஆட்டோமேட்டிக்கில்தான் தேர்வு எழுத வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பாருங்கள், ஆனால் ஆட்டோமேட்டிக்கில் மட்டும் தேறினால் லைசென்ஸில் அந்தக் கட்டுப்பாடு குறிக்கப்படும் என்பதை யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிப்படாது, இருவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான். ஊரில் லைசென்ஸ் எடுத்துவிட்டு வண்டியே ஓட்டாமல் இருந்தவர்களை மகள் பொறுமையாகவே சேர்த்துக்கொள்கிறார், ஆனால் அவர்களுக்கு வகுப்பு கூடும், அதை முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறைக்காமல் சொல்லிவிடுவார். ஊரில் தினமும் ஓட்டியவர், தேர்வுக்குத் தேவையான ஜெர்மன் சொற்களைக் கற்கத் தயாராக இருக்கிறவர் என்றால், எஸ்-பானில் அரை மணி நேரம் பயணம் செய்தாவது இங்கே வாருங்கள். செவ்வாய் மாலை போனால் இருவருமே இருப்பார்கள். லைசென்ஸ், பாஸ்போர்ட் இரண்டின் அசலையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.